பூச்சி தாவாத புல்

பருத்தியில் தத்துப்பூச்சி விழுந்தால் இலை ஓரம் மஞ்சளாகிச் சுருண்டு, பிறகு சிவந்துவிடும். அரிசியில் பாதிகூட இருக்காது, பச்சைப் பூச்சி. செடிக்கு மருந்தடித்தால் வரப்புப் புல்லுக்குத் தாவிவிடும். அதனால் குன்னம் பக்கம் வரப்புக்கும் சேர்த்தே அடிப்பார்கள். முடித்ததும் காலிப் பாட்டிலைக் குச்சியில் கவிழ்த்து நட்டுவைப்பார்கள். ஆடு மேய்ப்பவர்களுக்கு அதுதான் தகவல்.

எங்களுக்குச் சொந்தமாகப் பருத்திக்காடு இல்லை. அப்பா கூலிக்கு மருந்தடிப்பார். அத்தை எங்களோடு இருந்தாள். இருந்தது ஒரே ஒரு சினையாடு. குட்டி போட்டால் விற்று எனக்குப் பள்ளிக்கூடப் பை வாங்குவதாகப் பேச்சு. பாட்டிலை நம்பாமல் அத்தை முதலில் தானே புல்லில் நடந்து பார்ப்பாள். கணுக்காலில் பூச்சி தெறித்தால்தான் ஆட்டை விடுவாள்.

அரையாண்டு லீவில் ஒரு திங்கட்கிழமை, அத்தை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிருந்தாள். ஆட்டை நான் ஓட்டிப்போனேன். வரப்பில் பாட்டில் இல்லை, விட்டேன். மருந்து வாடை அப்பாவின் துண்டில் எப்போதும் இருப்பதுதான், எனக்குத் தனியாகத் தெரியவில்லை. ஆட்டைத் திருப்பப் புல்லில் இறங்கியபோதுதான் கவனித்தேன். காலில் ஒரு பூச்சிகூடத் தெறிக்கவில்லை.

ஆட்டை இழுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா புளியைக் கரைத்து அதன் வாயில் ஊற்றினாள். கோயிலிலிருந்து திரும்பிய அத்தை, "ஏண்டி, ரெண்டு அடி எறங்கி நடந்தா காலு தேஞ்சா போயிடும்?" என்றாள்.

சாயங்காலம் அப்பா மருந்தடித்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பாட்டில்ல பாதி மிச்சம். காட்டுக்காரரு வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. எதை நான் நட்டு வைக்க?" என்றார். கண்ணில் நீர் வடிந்தது. சோறு வேண்டாமாம். தண்ணீர் டம்ளர் கையில் நிற்காமல் ஆடியது. "ஆட்டுக்குக் கரைச்சது மிச்சமிருந்தா எனக்கும் ஊத்து."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

எனக்கு ஆட்டின் வாய்மேலேயே கண். நுரை தள்ளுமா, கால் இழுக்குமா என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விளக்குப் போடும் நேரத்தில் அது மெல்ல அசைபோடத் தொடங்கியது.

"அம்மா, ஆடு பொழச்சிருச்சு" என்று கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. அத்தை ஆட்டோவுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். அம்மா முந்தானையால் அப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது திருப்பூர், ஓசூர் என்று வேலைக்காக ஊர் மாறிக்கொண்டிருக்கிறேன். எங்கே புல்லைக் கண்டாலும் முதலில் கால் வைத்துப் பார்ப்பேன்.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஆட்டை விட்டுவிட்டு எதற்காக அப்பாவைச் சுற்றி நிற்கிறார்கள்? அவர் புல் எதுவும் தின்னவில்லையே.