மின்படி பிடித்த சேலை

நான் வாகன மின்னியல் படித்தவள். உயர்த்திய எங்கள் ஜீப்பில் ஏற அம்மா சிரமப்பட்டதால், கதவைத் திறந்தால் இறங்கி, மூடினால் உள்ளே மடங்கும் மின்படியை நானே பூட்டினேன். கால் அகப்பட்டால் நிற்கிறதா என்று என் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றி வைத்துச் சோதித்தேன், நின்றது.

தெல்தோட்டைக் கோயில் வாசலில் அம்மா இறங்கிக் கதவைச் சாத்தினார். நான் கியரைப் போட்டேன்.

"நிப்பாட்டு புள்ள! உன் வண்டி என் சேலைய உருவுது!"

மடங்கிய படி சேலைக் கரையை இழுத்துக்கொண்டிருந்தது. மெல்லிய துணியை அது தடையாக உணரவில்லை. உடனே எட்டிக் கதவைத் திறந்தேன். படி இறங்கியது, சேலையும் விடுபட்டது.

"இனி நான் ஆம்பளைங்க மாதிரி கழுசான்தான் போடணுமா?"

"நீங்க சேலையே கட்டுங்கம்மா. வண்டிய நான் திருத்துறேன்."

திருத்தியும்விட்டேன். இப்போது கண்ணாடியில் பார்த்து நான் சுவிட்சை அழுத்தினால்தான் படி மடங்கும். என் சோதனைப் பட்டியலில் முதலில் சேலை, பிறகுதான் சப்பாத்து. அம்மா யார் கையையும் பிடிக்காமல் பட்டுச்சேலையோடு ஏறி இறங்குகிறார்.