கத்தரிக்காய்ப் பால்கறியும் மேற்குச் சுவரும்

வீட்டுப் பரிசோதகர் கிறிஸ்தோப்பர், வீடு விற்ற ஞானாம்பிகையிடம் தங்கச் சங்கிலி வாங்கிக்கொண்டு, சுவரால் தண்ணீர் கசியும் வீட்டை நல்ல வீடென்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். 2006 கார்த்திகையில் மொன்றியல் தமிழர் வாயில் இருந்த பேச்சு இதுதான். பார்க் எக்ஸ்டென்ஷன் கடையொன்றில் புறப்பட்டபோது அது வெறும் மோதிரம். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது சங்கிலி. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர்களின் சாப்பாட்டு அறைக்கு வந்தபோது பதக்கமும் சேர்ந்துவிட்டது.

விசாரித்துப் பார்த்ததில், தங்கம் பொய், தண்ணீர் உண்மை. மோதிரமாவது வாங்கியிருந்தால் மனிதர் இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டார்.

கிறிஸ்தோப்பரும் ஒரு காலத்தில் டோர்வலில் பெட்டி ஏற்றியவர்தான். மன்னாரிலிருந்து வந்து, முதுகு போகும்வரை ஏற்றினார். முதுகு போனபின் மாலை வகுப்பில் சேர்ந்து, பிரெஞ்சில் தட்டுத் தடுமாறிக் கட்டட வேலை படித்தார். அந்த நாட்களில் ஏணியும் டோர்ச்சும் வைத்திருக்கும் எவரும் தன்னை வீட்டுப் பரிசோதகர் என்று சொல்லிக்கொள்ளலாம், கேட்பாரில்லை. அதனால்தான் பரிசோதகர் சங்கத்தின் அங்கத்துவ அட்டையை அவர் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தார். ஞாயிறு பூசைக்கும் போட்டுக்கொண்டு போனதாக மனைவி எலிசா சொல்கிறாள்.

சங்கத்தின் செய்தி மடலை வரிவரியாகப் படிக்கும் ஒரே அங்கத்தவரும் அவர்தான். அந்த வருடம் மாசி மாத மடலில் ஓர் எச்சரிக்கை வந்தது: சாமான் மறைத்த சுவரைப் பார்த்ததாக எழுதாதீர்கள், பார்க்க முடியவில்லை என்று எழுதுங்கள். "இதையுமா ஒரு சங்கம் சொல்லித் தர வேணும்?" என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவர் கிறிஸ்தோப்பர். கை தட்டினார்கள்.

பரிசோதிக்கப் போன வீட்டில் அவர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கதவைத் திறந்ததும் தேத்தண்ணியும் பலகாரமும் நீட்டுவது எங்கள் ஆட்களின் பழக்கம். வாங்கித் தின்றால் பிறகு அந்த வீட்டுக் கூரையைக் குறை சொல்ல நா எழாது என்பது அவருக்குத் தெரியும். அதற்காக ஒரு பதில் தயாராக வைத்திருந்தார்: "இண்டைக்கு எனக்கு நேர்த்தி, மச்சம் தொடமாட்டன்." எங்கள் வீடுகளில் றோல்ஸ் ஆனாலும் பற்றீஸ் ஆனாலும் உள்ளே இறைச்சியோ மீனோ இருக்கும். தப்பிவிடுவார்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை ஞானாம்பிகை வீட்டுக்குப் போனார். வாங்கப் போகிறவள் றெஜினா. அவர் பூசைக்குப் போகும் மாதா கோவிலில் பாடுகிறவள், எலிசாவின் சிநேகிதி. பேஸ்மன்டில் ஒரு சின்னக் கார்டெரி நடத்த, அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு ஆசை. அன்று அவளுக்கு வேலை. "நீங்கள் பாத்தாக் காணும் அண்ணை" என்று அவரை மட்டும் அனுப்பியிருந்தாள்.

கூரை பார்த்தார், மின்பெட்டி பார்த்தார், குழாய் பார்த்தார். பேஸ்மன்டுக்கு இறங்கும்போது ஞானாம்பிகை படியில் மறித்தார்.

"அண்ணை, சாப்பிட்டிட்டு இறங்குங்கோ."

"இல்லைத் தங்கச்சி, இண்டைக்கு நேர்த்தி, மச்சம்..."

"ஓம், தெரியும், உங்களுக்குத் தவக்காலம். எங்களுக்கும் வெள்ளி. எல்லாம் மரக்கறிதான். இருங்கோ."

கிறிஸ்தோப்பரிடம் இரண்டாவது பொய் இருக்கவில்லை. இருந்தார். குத்தரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பிறகு பாயாசம். பால்கறியை மூன்றாம் முறையும் கேட்டு வாங்கினாராம். ஞானாம்பிகை இதைச் சொல்லும்போது இன்றைக்கும் முகத்தில் ஒரு பெருமை.

அதன்பிறகு கீழே இறங்கினார். மேற்குச் சுவர் முழுக்க ஊருக்கு அனுப்பவென்று கட்டிய பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. புதுப் பெயின்ட் மணந்தது. ஈரம் பார்க்கும் கருவி கையில் இருந்தது. பெட்டிகளைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மேலே ஞானாம்பிகை அவர் தின்ற தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது. வாயைத் திறந்தார். ஏப்பம்தான் வந்தது.

"குறைபாடு காணப்படவில்லை" என்று எழுதினார்.

வெளிக்கிடும்போது எலிசாவுக்கென்று ஒரு ஐஸ்கிறீம் டப்பா நிறையப் பாயாசமும் கொடுத்து விட்டார்கள்.

ஆடியில் றெஜினா குடிபோனாள். சின்னக் கதிரைகள் வாங்கினாள், சுவரில் முயலும் யானையும் ஒட்டினாள். ஐப்பசி மழைக்கு மேற்குச் சுவரால் தண்ணீர் வந்தது. முயல் கணுக்கால்வரை நனைந்தது. பிள்ளைகளைக் கொண்டுவர இருந்த தாய்மார் பூஞ்சண மணத்தைப் பிடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

சங்கிலிக் கதை அப்போதுதான் பிறந்தது. கிறிஸ்தோப்பர் அதை மறுக்கவில்லை. மறுத்தால், "அப்ப ஏன் எழுதினீங்கள்?" என்று கேட்பார்களே. கோவிலில் கடைசி வரிசைப் பின்வாங்கில் இருந்து பூசை கண்டார். றெஜினாவின் குரல் முன்னாலிருந்து வரும்போது பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தார். கழுத்தில் அட்டை இல்லை.

முதலில் சங்கத்துக்குப் போனார். டோர்வல் ஹோட்டல் ஒன்றில் கூட்டம். எழுந்து, மாசியில் கை தட்டியவர்கள் முன்னால் நடந்ததைச் சொன்னார். நிர்வாகிகள் ஒழுக்க விதிகளைப் புரட்டினார்கள். பணம் வாங்குவது இருந்தது, தரகு இருந்தது, அன்பளிப்பு இருந்தது. கத்தரிக்காய் இல்லை. என்ன தண்டனை கொடுப்பதென்று தெரியாமல், அடுத்த மடலில் ஓர் ஆலோசனை போட்டார்கள்: அங்கத்தவர்கள் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டு செல்வது நல்லது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். கிறிஸ்தோப்பருக்குத் தன்னைப் பேசாமல் வெளியே துரத்தியிருக்கலாம் என்று இருந்தது.

அடுத்த நாள் றெஜினா வீட்டுக்குப் போனார். கதவடியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கதவுப் பிடியை விடாமலே சொன்னாள்.

"சங்கிலி எண்டு கேள்விப்பட்டு நான் உங்களை மன்னிச்சிருந்தன் அண்ணை. மனுசனுக்கு ஏதோ கஷ்டமாக்கும் எண்டு நினைச்சன். கத்தரிக்காய்க்கோ?"

கிறிஸ்தோப்பர் காரிலிருந்து மண்வெட்டியை எடுத்தார். பனி இறுகுவதற்கு முன் மேற்குச் சுவரோரம் தோண்டி, வெடிப்பை அடைத்து, குழாய் போட்டு மூடினார். போன முதுகு இன்னொரு முறை போனது. றெஜினா கதவைத் திறந்து விட்டாள், விளக்குப் போட்டுக் கொடுத்தாள். ஒரு கிளாஸ் தண்ணீர் தரவில்லை. அவரும் கேட்கவில்லை. வசந்தத்தில் பனி உருகியபோது சுவர் காய்ந்தே இருந்தது, கார்டெரி திறந்துவிட்டாள். திறந்த அன்றைக்குக் கோவிலில் எல்லோரையும் அழைத்தாள். பின்வாங்கைத் தவிர.

ஞானாம்பிகையிடம், "தண்ணி வாறது உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டால், "வீட்டுக்கு வந்த மனுசனுக்குச் சோறு போட்டதும் குற்றமோ?" என்கிறார். கேட்டது அதுவல்ல. ஆனால் அதற்கு மேல் கேட்க விடாமல் தேத்தண்ணி வந்துவிடுகிறது.

அந்த ஐஸ்கிறீம் டப்பா இன்னும் கிறிஸ்தோப்பரின் கார் டிக்கியில், ஏணிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எலிசா கழுவித் துடைத்து வைத்தது.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசியின்ர டப்பாவை எப்ப குடுக்கப் போறியள்?"

"பேந்து குடுப்பம்."

வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். என்னத்தைப் போடுவதென்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.