திரும்பத் திரும்ப வந்த வரி

வீட்டைச் சூடாக்கும் ஹீற்றர் டக், டக்கென்று தட்டத் தொடங்கியதும், தொண்ணூறுகளில் என் சின்ன வயதில் நாங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அப்பார்ட்மென்ற் ஞாபகம் வந்தது. அங்கும் ஹீற்றர் இப்படித்தான் தட்டும். அதன் பக்கத்தில் இருந்துகொண்டு, மாலை ஜெபத்தில் பைபிளை ஆளுக்கொரு வசனம் வாசிப்போம். எனக்குத் திக்குவாய். என் முறை நெருங்க நெருங்க உள்ளங்கை வியர்த்துவிடும்.

ஒருநாள் அப்பா எடுத்த சங்கீதத்தில் ஒவ்வொரு வசனமும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்ற அதே வரியோடு முடிந்தது. அப்பா வாசித்தார், அக்கா வாசித்தாள், மறுபடியும் அதே வரி. என் முறை வந்தபோது வாசிக்காமல் கேட்டேன்:

"அ... அம்மா, பைபிளும் தி... திக்குதோ?"

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"ஓமடா," என்றா அம்மா. "ஆனா அதை ஒருத்தரும் இடையில மறிக்கேல்லைத்தானே? நீயும் ஆறுதலாச் சொல்லி முடி."

திக்கித் திக்கித்தான் வாசித்தேன். கை வியர்க்கவில்லை.

"திருத்த ஆளைக் கூப்பிடட்டோ?" என்று இப்போது மனைவி, தட்டிக்கொண்டிருந்த ஹீற்றரைக் காட்டிக் கேட்டாள்.

"விடும், அது சொல்லி முடிக்கட்டும்," என்றேன்.