கோடு போய்ச் சேராத பதில்

பள்ளிபாளையத்தில் நான் வேலை பார்த்த போர்வை ஏற்றுமதி அலுவலகத்துக்குள் சாயப்பட்டறை மாஸ்டர் வந்தாலே ஏதோ சிக்கல் என்று அர்த்தம். அன்று அவர் கையில் இருந்தது, வெளிநாட்டு வாடிக்கையாளரின் மின்னஞ்சலை நாங்கள் அச்செடுத்துக் கொடுத்த தாள்.

"ஏஞ்சாமி, கருநீலம் சாயம் போகுதுன்னு நாமதான வேண்டாம்னோம்? ஆறு கலருக்கும் சரின்னு எழுதியிருக்காரே?"

வாடிக்கையாளர் கேட்ட ஆறு நிறங்களில் கருநீலத்தின் மேல் மட்டும் சிவப்புக் கோடு போட்டு நான்தான் பதில் அனுப்பியிருந்தேன். தறிக்குப் போகும் டிசைன் தாளில் வேண்டாததை அப்படித்தான் அடிப்போம், அழிக்க மாட்டோம். அந்தப் பழக்கத்தை அப்படியே மின்னஞ்சலுக்குக் கொண்டுபோய்விட்டேன். அவர் கடிதமோ எப்போதும் வெறும் எழுத்தாக, நிறமோ தடித்த எழுத்தோ இல்லாமல் வரும். அவருடைய கணினி அதை மட்டும்தான் காட்டும் என்பது எனக்கு உறைக்கவில்லை. என் கோடு அங்கே போய்ச் சேரவேயில்லை. கருநீலத்தை நெய்து அனுப்பியிருந்தால் முதல் சலவையிலேயே போர்வையின் வெள்ளைக் கோடுகளெல்லாம் நீலமாகியிருக்கும். என் வேலையும் போயிருக்கும்.

அவர் எழுதுவதைப் போலவே வெறும் எழுத்தில், கருநீலம் சாயம் போகிறது, அதை மட்டும் நெய்ய முடியாது என்று வார்த்தையாகவே எழுதி அனுப்பிவிட்டு, மதியம் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை. இன்று என்னிடம் வேலை செய்பவர்கள் சலித்துக்கொள்ளும் அளவுக்கு, "அவங்க கடிதம் எப்படி வந்திருக்குன்னு பாத்துட்டு அப்படியே பதில் போடுங்க" என்று நச்சரிக்கிறேன். அந்த ஒரு மதியம் படுத்திய பாடு அது.

கடைசியில் பதில் வந்தது. கருநீலத்தை விட்டுவிடலாம், ஐந்து நிறம் போதும் என்றிருந்தார். அப்பாடா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, காலையிலேயே ஆறு நிறத்துக்கும் நூலைக் கொதிக்கும் சாயத் தொட்டியில் இறக்கச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டிருந்தார். உள்ளே போனால் நூல் மூட்டைகள் நனையாமல், கட்டுக்கூடப் பிரிக்காமல் அப்படியே கிடந்தன. நான் விஷயத்தைச் சொன்னதும் மாஸ்டர் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார்.

"பாய்லர் இப்பத்தானுங்க சரியாச்சு. நூலை இறக்கிரட்டுங்களா?"

பாய்லர் காலையிலிருந்தே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.