வயிற்றில் ஒரு சக்கரம்

என் சாவுக்கு நானே இரண்டு முறை அழுதிருக்கிறேன். இரண்டாவது, போன வருடம் கொழுப்புப் பரிசோதனை முடிவு வந்தபோது, அதை விடுங்கள். முதலாவது ஏழு வயதில், திருவிதாங்கூர் ராஜா காலத்து வெள்ளிக் காசான சக்கரம் ஒன்றை விழுங்கியபோது.

பழைய சக்கரம் மிளகைத் தட்டிப் பரத்தியதுபோல இருக்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, மார்த்தாண்டத்தில் ஒரு பொதி வாங்கிவந்து தட்டில் கொட்டியிருந்தார். சங்கு எந்தப் பக்கம் சுழிக்கிறது, சுற்றிலும் எத்தனை புள்ளி என்று லென்ஸில் பார்த்து, எந்த அச்சில் அடித்த காசு என்று பிரிப்பார். விரலில் பிடிபடாத பொடிக்காசு. அதனால் விரலை நாக்கில் நனைத்து ஒற்றி எடுப்பார். நானும் எடுத்தேன். நனை, ஒற்று, பார். ஒருமுறை வரிசை பிசகி, காசோடு விரலை நாக்கில் வைத்துவிட்டேன்.

அம்மா மட்டி வாழைப்பழத்தை வாயில் திணித்தாள். மாமாவோ என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"மக்கா, நீ முழுங்கினதில சங்கு எந்தப் பக்கம் சுழிச்சிருந்துது?"

"நான் செத்துப்போவேனா மாமா?"

"அத பொறவு பேசலாம். புள்ளி தெளிவா இருந்துதா, கலங்கி இருந்துதா?"

"எலே, எனக்க பிள்ள சாவக் கெடக்கான், ஒனக்குப் புள்ளியா பெருசு?" என்றாள் அம்மா. அதுவரை எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. ஓங்கி அழுதேன். என் சைக்கிள் டயர் யாருக்குப் போகும் என்ற கவலை வேறு.

அம்மா ஆட்டோ பிடிக்க ஓடினாள். மாமா தட்டின்மேல் கவிழ்ந்துவிட்டார். ஒவ்வொரு காசாக லென்ஸ். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. இவரெல்லாம் ஒரு மனிதரா?

அம்மா ஆட்டோவோடு திரும்பியபோது, மாமா ஒரு காசைக் காகிதத்தில் உரசினார். கறுப்பாகக் கோடு விழுந்தது.

"அக்கா, கள்ளக்காசு இங்க கெடக்கு. பிள்ள முழுங்கினது நல்ல வெள்ளியாக்கும்."

குவியலில் ஈயத்தில் அடித்த கள்ளக்காசு ஒன்றே ஒன்று உண்டு, அதன் அச்சே வேறு என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். வெள்ளி தானாக வெளியே வந்துவிடும். காகிதத்தில் கறுப்பாகக் கோடு போடும் ஈயம் தங்கினால் விஷம். இதெல்லாம் எனக்கு மீசை முளைத்த பிறகு தெரிந்தது.

அன்று தெரிந்தது ஒன்றுதான். நல்ல காசைப் பறிகொடுத்துவிட்டு, கள்ளக்காசு கிடைத்த சந்தோஷத்தில், சாகப்போகிற என்னைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் சிரிக்கிறார். தோளில் பல் பதியக் கடித்துவைத்தேன். அப்போதும் அவர் பிடியை விடவில்லை.