புகை வாசம் வீசும் சரக்கு

மலாயாவை ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில், காஜா பெராங் என்ற இடத்தில் ஒரு மதுக்கடையில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். சரக்கறையைப் பார்த்துக்கொண்டவர் ஒல்லியான, நரைத்த மனிதர். தான் ஒரு சொட்டும் குடிக்கமாட்டார். ஆனால் எந்தப் போத்தலைத் திறந்தாலும் கண்ணை மூடி ஒருமுறை முகர்ந்து பார்ப்பார்.

ஒருநாள் ஜப்பானிய அதிகாரி ஒருவர் வந்து, விலை அதிகமில்லாத நல்ல விஸ்கி வேண்டும் என்று மலாய் மொழியில் கேட்டார். நான் அதைச் சரக்கறைக்காரரிடம் தமிழில் சொன்னேன். அவர் ஐரிஷ் போத்தலை ஒதுக்கிவிட்டு ஒரு ஸ்காட்ச்சை எடுத்தார்.

“ஐரிஷ் சாதுவா இருக்கும். இது சதுப்பு மண்ணக் கொளுத்தி, அந்தப் புகையில காயவச்ச பார்லி. பேரு பெருசில்ல, சரக்கு அசல். சொல்லு தம்பி.”

சொன்னேன். அதிகாரி ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

“மருந்து நாற்றம் அடிக்கிறது. கலப்படமா?” என்று என்னைக் கேட்டார்.

அதன் வாசமே அதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பயத்தில், “தெரியாது, துவான்,” என்று மரியாதையோடு சொன்னேன்.

அதிகாரி கன்னத்தில் விட்ட அறையில் சரக்கறைக்காரரின் காதிலிருந்து ரத்தம் வந்தது. அதிகாரி ஐரிஷ் போத்தலோடு போய்விட்டார். நான் துணியை நீட்டி, அதிகாரி கேட்டதையும் நான் சொன்னதையும் அவரிடம் சொன்னேன்.

“கலப்படம்னு சொல்லாம விட்டியே, அது போதும். சொல்லியிருந்தா என் தலையே போயிருக்கும்,” என்றார்.

நன்றியாகச் சொன்னாரா, என்னைத் தேற்றவா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. தெரிந்தும் சொல்லாத என்னை அவர் திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.