கறை படிந்த அட்டைகள்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கட்டம் போட்ட தாளைக் கண்டால் அதை நிரப்பாமல் விட மனசு வராது. வீட்டுக் காலண்டரில் கேஸ் சிலிண்டருக்குப் பதிந்த நாள், குழாயில் தண்ணீர் வராத நாள், தையல்காரரிடம் துணி கொடுத்த நாள் என்று ஒரு கட்டமும் சும்மா இருக்காது. இப்படிப்பட்ட என்னிடம்தான் அரசாங்கம் 2007இல் ஒரு பெரிய அட்டவணையைக் கொடுத்தது.

அப்போது புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். மொத்தமே இரண்டு ஆசிரியைகள். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் தலைமையாசிரியைக்கு. ஒன்றும் இரண்டும் எனக்கு. செயல்வழிக் கற்றல் என்ற புது முறைக்காகக் கடலூருக்குக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்து பெஞ்சுகளை ஓரம் கட்டிவிட்டுப் பாய் விரித்தோம்.

முறை எளிமையானது. சுவரில் ஏணி மாதிரி ஒரு படம் தொங்கும். ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. அதில் சில வரியும், பல அட்டைகளில் திரும்பத் திரும்ப வரும் கொக்கு, முயல் மாதிரி ஒரு சின்னப் படமும் இருக்கும். பிள்ளை தன் படி எதுவென்று பார்த்து, அதற்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, அந்தப் படியைத் தாண்டிவிட்ட இன்னொரு பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கும். பிறகு என்னிடம் வந்து படித்துக்காட்டும். நான் அடைவு அட்டவணையில் டிக் அடிப்பேன். அடுத்த படிக்குப் போகலாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். முதல் மாதம் முணுமுணுத்தேன். இரண்டாம் மாதம் டிக் அடிப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று.

அந்த அட்டவணையை வேகமாக நிரப்பியவள் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. வரிசையில் முன்னால் நிற்பவர்களைத் தோளால் தள்ளிவிட்டு வருவாள். நல்ல கணீர்க் குரல். அட்டையைக் கையில் பிடித்து, ஒரு தரம் பார்த்துவிட்டு, கடகடவென்று வாசிப்பாள். மற்றவர்களைப் போல வரிக்குக் கீழே விரல் வைத்து ஊர்ந்து போவது கிடையாது. அதை நான் திறமை என்று நினைத்தேன். வட்டார வள மையத்திலிருந்து மேற்பார்வைக்கு ஆள் வந்தால், அவர் கேட்பதற்கு முன்பே இவளைத்தான் முன்னால் தள்ளுவேன். பொங்கலுக்கு முன்பே தமிழ் ஏணியை முடித்துவிட்டாள். என் வகுப்பில் வேறு யாரும் முடிக்கவில்லை.

அவளுடைய அம்மா நடவு, களை எடுப்பு இருக்கும் நாள்களில் வயலுக்குப் போவார். இல்லாத நாள்களில் புவனகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவார். மூத்த பெண் ஒருத்தி உண்டு. நான் வேலைக்கு வருவதற்கு முந்தி இதே பள்ளியில் ஐந்து வருஷம் படித்து, வருஷாவருஷம் பாஸாகி, ஆறாம் வகுப்புக்குப் போனவள். அங்கே கரும்பலகையில் எழுதிப்போட்டதை வாசிக்கத் தெரியாமல் கடைசி பெஞ்சில் ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டு நின்றுவிட்டாள். அப்போது சிதம்பரத்தில் ஜவுளிக்கடை ஒன்றில், வாடிக்கையாளர்கள் கலைத்துப்போட்ட புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

சின்னவளையாவது சிதம்பரத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்று அந்த அம்மா ஒற்றைக்காலில் நின்றார். அங்கே சேர்ப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்களாம். ஒரு நாள் வேலை முடிந்து வந்து வாசலில் நின்றார்.

“எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது டீச்சர். நீங்க சொல்றதுதான். நெசமாவே படிக்குதா?”

“உங்க பொண்ணு கிளாஸ்லயே ஃபர்ஸ்ட்டும்மா. தைரியமா கூட்டிட்டுப் போங்க” என்றேன். சந்தேகமே இல்லாமல்தான் சொன்னேன்.

பொங்கல் கழிந்து ஒரு வேனில் புது அட்டைகள் வந்து இறங்கின. பழையவை ஒன்றரை வருஷமாக நாற்பது பிள்ளைகளின் கையில் பட்ட பாடு கொஞ்சமல்ல. அன்று சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினேன். பழையதை ஒரு கோணிப்பையில் கட்டி பீரோவுக்குப் பின்னால் தள்ளினேன். தட்டு பளிச்சென்று இருந்ததில் எனக்கு ஏகப்பட்ட திருப்தி.

மறுநாள் பிள்ளைகள் அட்டைகளை மோந்து மோந்து பார்த்தார்கள். ஏணியை முடித்துவிட்டதால், மற்ற பிள்ளைகளுக்கு உதவுவதுதான் இவளுக்கு வேலை. ஒரு பொடிசோடு உட்கார்ந்து அட்டையை எடுத்தாள். சத்தமே வரவில்லை.

“என்ன ஆச்சு? படி.”

“இது வேற அட்டை டீச்சர்.”

“அதே அட்டைதான். புதுசு, அவ்வளவுதான்.”

“இல்ல டீச்சர். கொக்கு அட்டைல சாம்பார் பட்டுருக்கும்.”

அடம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். விடுவிடுவென்று போய்க் கோணிப்பையை அவிழ்த்துக் கொட்டினேன். அவள் ஒரு நொடியில் சாம்பார் பட்ட அட்டையைப் பொறுக்கி எடுத்து, ஐந்து வரியையும் கணீரென்று சொன்னாள். எதற்கென்று தெரியவில்லை, குவியலிலிருந்து இன்னொரு அட்டையை நான் எடுத்தேன். படம், எழுத்து இரண்டையும் உள்ளங்கையால் மூடிவிட்டு, யாரோ கடித்து வைத்திருந்த மூலையை மட்டும் காட்டினேன். அதையும் முழுக்கச் சொன்னாள். முற்றுப்புள்ளி இருக்கும் இடத்தில் நிறுத்தி மூச்சுகூட விட்டாள்.

கையை எடுத்துவிட்டு நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, “இது என்ன?” என்று கேட்டேன். அவள் சொல்லைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் அடையாளம் இருந்திருக்கிறது. கறை, கிழிசல், மைக்கோடு. கூட உட்கார்ந்து படிக்கும் பிள்ளையோ, அவளுக்கு முன்னால் போன பிள்ளை இல்லாத படிகளில் நானோ, ஒரு தரம் வாசித்தால் அவளுக்குப் போதும், அப்படியே மனதில் ஏறிவிடும். அவள் ஏமாற்றியதாகவும் சொல்ல முடியாது. மற்றவர்கள் அட்டையைப் பார்த்துச் சொன்னார்கள், அவளும் அட்டையைப் பார்த்துச் சொன்னாள். படிப்பது என்றால் அதுதான் என்று நினைத்திருக்கிறாள். அப்படி இல்லை என்று கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவள் நான்.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷி, ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம்தான் இருந்தது. “டிக் அடிச்சது அடிச்சதுதான், விடும்மா. அங்க போயிக் கத்துக்கும்” என்றார். ஒரு வாரம் அந்த யோசனை எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. மே மாதத்துக்குள் எப்படியாவது படிக்க வைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று நானும் கணக்குப் போட்டேன். அவளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு எழுத்துப் படிகளில் உட்கார வைத்தேன்.

“நான்தானே ஃபர்ஸ்ட்டு? என்ன ஏன் இங்க ஒக்கார வெக்கிறீங்க?” என்று கேட்டாள். நான் பூசி மெழுகினேன். வியாழனும் வெள்ளியும் அவள் பள்ளிக்கு வரவில்லை. திங்கட்கிழமை, பிரார்த்தனை முடிவதற்குள் அம்மா வந்துவிட்டார்.

“ஏன் டீச்சர், ஃபர்ஸ்ட்டுன்னு சொன்னீங்க. இப்ப ஒண்ணாங்கிளாஸு புள்ளைங்களோட ஒக்கார வெச்சிருக்கீங்களாமே?”

இனி மறைக்க வழியில்லை. வகுப்புக்குள் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பழைய அட்டை ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன் பின்பக்கத்து மைக்கறையைப் பார்த்தே மகள் ஐந்து வரியையும் ஒப்பிப்பதைக் காட்டினேன். புது அட்டையைக் கொடுத்தபோது அவள் வாயை மூடிக்கொண்டாள். அம்மா இரண்டு அட்டையையும் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே எழுத்துதான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

“எனக்குப் படிக்கத் தெரியாது. நான் ஏமாந்தேன்” என்றார். “உங்களுக்குத் தெரியுமில்ல?”

சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவர் நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என் வேலையில் இவ்வளவு அவமானப்பட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அந்த மே மாதம் அவர் மகளைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போகவில்லை. “பெரியவளுக்கும் பாஸு பாஸுன்னுதான் சொன்னாங்க. ஒரு வருஷம் போனா போவட்டும். படிக்க வெச்சிக் குடுங்க” என்றார். பதிவேட்டில் மூன்றாம் வகுப்பு என்று இருந்தாலும், தலைமையாசிரியை சம்மதித்து அவளைக் காலையில் என்னிடம் அனுப்பினார். அட்டவணையில் அவள் பெயருக்கு நேரே இருந்த டிக்குகளைச் சிவப்பு மையால் கோடு போட்டு நானே அடித்துவிட்டேன். மேற்பார்வைக்கு வந்தவர் என்ன இது என்று கேட்டார். சொன்னேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

அட்டைகளை அவளிடம் கொடுப்பதை நிறுத்தினேன். அவள் மூளைக்கு முன்னால் எந்த அட்டையும் இரண்டு நாள் தாங்காது. தினமும் காலையில், அதுவரை யாரும் எழுதியிராத ஒரு வரியைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டினேன். நேற்று பஸ்ஸில் கோழி ஏறியது. சமையல் அம்மா இன்று பச்சைப் புடவை. அவள் முறைத்தாள், அழுதாள், இரண்டு தாள்களைக் கிழித்தாள். ஜூன் போய் ஆகஸ்ட் வந்தது. விரல் வைத்து, எழுத்து எழுத்தாக, ஒரு வரிக்கு ஐந்து நிமிஷம். அம்மா அவ்வப்போது வாசலில் நின்று கேட்பார்.

“முன்னல்லாம் கடகடன்னு சொல்லும். இப்ப திக்குதே டீச்சர்.”

“இதுதாம்மா படிக்கிறது” என்பேன். அவர் மகளின் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது.

மழைக்காலத்தில் ஒரு நாள், தலைமையாசிரியையைப் பற்றி, ‘பெரிய டீச்சர் குடையை வீட்டில் வைத்துவிட்டு வந்தார், தலை எல்லாம் ஈரம்’ என்று கரும்பலகையில் எழுதினேன். வாசித்துக் காட்ட நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அவள்தான். மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பி அவளைப் பார்த்தார்கள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த ஏப்ரலில், பள்ளி மூடுவதற்குச் சில நாள் முன்பு, மெயின் ரோட்டு நிறுத்தத்தில் சிதம்பரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் கையில் போண்டா. போண்டா தீர்ந்ததும் அம்மா அந்தப் பேப்பரை வாங்கி, எண்ணெயை முந்தானையில் துடைத்து, விரித்துப் பிடித்து, “படி” என்றார்.

கிழிந்த செய்தித்தாள். ஏரியிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டது பற்றி ஏதோ. அவள் விரல் வைத்து ஆரம்பித்தாள். ‘விவசாயிகள்’ என்ற இடத்தில் மூன்று தரம் முட்டி நின்றாள். எடுத்துக்கொடுக்க என் நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். அம்மா ஒவ்வொரு சொல்லையும் உதட்டுக்குள் சொல்லி மனதில் வைத்துக்கொண்டார். நான்கு வரி முடிந்தது.

அவர் பேப்பரை வாங்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். டிபன் பையோடு நின்றிருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் நீட்டினார்.

“யம்மா, இதுல என்னா போட்டுக்குதுன்னு கொஞ்சம் படிச்சிச் சொல்லும்மா.”

அந்தப் பெண் ஒரே மூச்சில் வாசித்தாள். “மெதுவா, இன்னொரு தரம்” என்று அம்மா கேட்டு வாங்கினார். சொல்லுக்குச் சொல் தலையை ஆட்டினார். மகள் சொன்னதும் இந்தப் பெண் சொன்னதும் ஒன்றுதான்.

பிறகுதான் என் பக்கம் திரும்பினார். “டி.சி. எழுதி வைங்க டீச்சர். மே மாசம் கூட்டினு போறேன்.”

சரிம்மா என்றேன். பஸ் வந்தது, மூவரும் ஏறினோம். எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டடி தூரத்தில், படிக்கத் தெரிந்தவளாக, நானும் நின்றிருந்தேன். அந்தத் தாளில் இருந்ததை என்னிடம் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.